காவலன் விழிக்குமுன்: கணிப்பொறித் தீச்சுவர் வரலாற்றில் ஒரு பகுதி

கணிப்பொறியின் பொத்தானை அழுத்துகிறோம். திரையில் ஒரு சின்னம் தோன்றுகிறது; சிறிது நேரம் ஏதோ சுழல்கிறது; பின்னர் நமது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படுகின்றன. இந்த இடைவேளையை நாம் ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. அலுவலகங்களில் பலர் இந்த நேரத்தில்தான் மேசையைத் துடைக்கின்றனர். மூக்குக் கண்ணாடியைத் தேடுகின்றனர். ஆனால் இயந்திரத்தின் உள்ளே அச்சில வினாடிகளில் நடைபெறும் காரியங்கள் பல. சிறு சிறு நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துயில் நீங்கி எழுகின்றன. வட்டைப் படிக்கும் நிரல் ஒன்று. திரைக்கு உருவம் தரும் நிரல் ஒன்று. வலைப்பின்னலோடு பேசத் தொடங்கும் நிரல் மற்றொன்று. வெளியிலிருந்து வரும் தீங்கைத் தடுக்கும் தீச்சுவர் என்னும் காவல் நிரலும் இவ்வரிசையில் ஒன்றே. அதனையும் யாரேனும் எழுப்ப வேண்டும். அதற்கும் முறை வர வேண்டும்.

அவ்வாறாயின், வலைப்பின்னல் விழித்துக்கொண்டு காவலன் இன்னும் விழிக்காத வினாடிகளில் வாயிலைக் காப்பவர் யார்? கேள்வி எளியது. ஆயினும் உலகில் மிகுதியாகப் பயன்பட்டு வந்த ஓர் இயங்குதளத்தில், 2001-ஆம் ஆண்டு முதல் 2004-ஆம் ஆண்டு வரை, அதற்கு விடை ‘ஒருவரும் இல்லை’ என்பதாகவே இருந்தது. அந்நிலை எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு மாறியது என்பதையே இங்குக் கூற முற்படுகிறோம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். தீச்சுவர் என்பது கட்டடக் கலையிலிருந்து வந்த பெயர். 1666-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரம் பற்றி எரிந்தது. அதனை மீண்டும் கட்டுவதற்கென இயற்றப்பட்ட சட்டம், வீடுகளைச் செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்ட வேண்டுமென்றும், ஒட்டி நிற்கும் இரு வீடுகளுக்கு நடுவே இன்ன கனத்தில் சுவர் எழ வேண்டுமென்றும் விதித்தது. ஒரு வீட்டில் பற்றிய நெருப்பு அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுப்பது அச்சுவரின் பணி. மோட்டார் வண்டியில் எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் இடையே உள்ள தகட்டுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். தமிழில் இதனைத் தீயரண் என்று எழுதுவாரும் உளர். அரண் என்பது நம் மொழியில் பெருமை பொருந்திய சொல். திருக்குறளில் அப்பெயரால் ஓர் அதிகாரமே அமைந்துள்ளது. எனினும் மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்குச் சுவர் என்பதே இங்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. அரணுக்கு வீரர் வேண்டும். சுவரோ, வீட்டார் உறங்கினாலும் ஊருக்குப் போயிருந்தாலும் தன் இடத்திலேயே நிற்கும். கணிப்பொறித் தீச்சுவருக்கு நெடுநாள் இல்லாதிருந்த குணம் இதுவே.

கணிப்பொறி உலகில் இத்தகைய சுவரின் தேவையை எல்லோரும் உணரச் செய்த நிகழ்ச்சி 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் நடந்தது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக் கழகத்து மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் என்பவர், தானே பெருகித் தானே பரவும் ஒரு நிரலை வலைப்பின்னலில் விடுத்தார். புழு என்று அதற்குப் பெயரிட்டனர். அந்நாளில் இணைக்கப்பட்டிருந்த சுமார் 60,000 இயந்திரங்களில் 6,000 அதனால் தாக்குண்டன என்பது அக்காலத்து மதிப்பீடு. அந்த மாதத்திலேயே கார்னெகி மெலன் பல்கலைக் கழகத்தில் அவசர உதவிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்திலும் பெல் ஆய்வுக் கூடத்திலும் இருந்த பொறியாளர்கள், தம் நிறுவனத்து வலைப்பின்னலுக்கும் வெளியுலகுக்கும் நடுவே தனி இயந்திரம் ஒன்றை நிறுத்தி, போவதையும் வருவதையும் சோதிக்கலாயினர். பின்னர் டிஜிட்டல் நிறுவனம் இத்தகைய வாயில்காப்பு அமைப்பை விற்பனைக்கே கொண்டுவந்தது. பெல் ஆய்வுக் கூடத்தைச் சேர்ந்த செஸ்விக், பெல்லவின் ஆகிய இருவரும் 1994-இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு முதல் இலக்கணம் எனத்தக்கது.

இந்த முதல் தலைமுறைச் சுவர்களின் அமைப்பில் ஒரு நன்மை, அதிகம் பேசப்படாமலே அமைந்திருந்தது. வாயிலில் நின்ற தனி இயந்திரம் பெரும்பாலும் ஓர் இடைத்தரகனைப் போல வேலை செய்தது. உள்ளிருப்பவர் அதனிடம் கேட்பார். அது வெளியே சென்று பெற்று வரும். தரகு நிரல் ஓடாவிடில் போக்குவரவே இல்லை. மின்சாரம் நின்றாலும், இயந்திரம் மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்தாலும், பாதை தானே அடைபட்டிருந்தது. காவலன் உறங்கினால் கதவும் பூட்டிக் கிடக்கும் என்பது அந்த ஏற்பாட்டின் இயல்பு.

பின்னர் இணையம் வீடுகளுக்கு வந்தது. நம் நாட்டில் விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பை வழங்கத் தொடங்கியது. தொலைபேசி வழியே எண்ணைச் சுழற்றி, கீச்சொலி கேட்டு, தொடர்பு கிடைத்தால் மகிழ்ந்த காலம் அது. அந்த முறையில், கணிப்பொறி முழுவதும் எழுந்து நின்ற பிறகே நாம் தொடர்பை ஏற்படுத்தினோம். தொடங்கும் வேளையில் கம்பியின் மறுமுனையில் எவரும் இல்லை. ஆகவே காவலன் பிந்தி எழுந்தால் நட்டம் ஒன்றுமில்லை. அலுவலக வலைப்பின்னலிலும், பின்னர் வந்த அகலப்பட்டைத் தொடர்பிலும் நிலைமை வேறு. அங்குக் கம்பி எப்போதும் உயிருடன் இருந்தது. இயந்திரத்தின் வலைப்பின்னல் பகுதி கண் திறந்த கணத்திலேயே உலகம் முழுவதும் அதன் வாசலில் நின்றது.

இத்தகைய சூழ்நிலையில் 2001 அக்டோபர் 25-ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது. அதனுள்ளேயே ஒரு தீச்சுவர் வைக்கப்பட்டிருந்தது. வாயிலில் தனி இயந்திரம் நிறுத்த வசதியில்லாத எளியவருக்கும் ஒரு காவல் கிடைத்தது என்று இதனைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, வாங்கி வந்த நிலையில் அந்தச் சுவர் செயற்படாது. தொடர்பின் அமைப்புகளைத் திறந்து, உள்ளே மறைவாக இருந்த ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டால்தான் எழும். பெரும்பாலோர் அக்கட்டத்தைக் கண்டதே இல்லை. மற்றொரு குறையே நமது கட்டுரையின் பொருள். அதைக் கண்டவர் இன்னும் குறைவு.

அதனை விளக்குமுன், கணிப்பொறி வெளியாரோடு எவ்வாறு பேசுகிறது என்பதைச் சிறிது காண வேண்டும். வலைப்பின்னலில் செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகப் பயணம் செய்கின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் சேர வேண்டிய இயந்திரத்தின் முகவரியும், அந்த இயந்திரத்தில் எந்த வாயிலுக்கு என்ற எண்ணும் எழுதப்பட்டிருக்கும். போர்ட் என்று அவ்வாயிலை வழங்குவர். அஞ்சல் நிரல் ஒரு வாயிலில் காத்திருக்கும்; கோப்புகளைப் பகிரும் நிரல் வேறொரு வாயிலில் காத்திருக்கும். தீச்சுவரின் வேலை, ‘இந்தப் பொட்டலம் நாம் கேட்டதற்கு வந்த மறுமொழியா, கேளாமல் வந்ததா?’ என்று பார்த்து, கேளாமல் வந்ததைக் கீழே போடுவது. இதற்கு இரண்டு உறுப்புகள் தேவைப்பட்டன. இயங்குதளத்தின் அடித்தளத்தில், பொட்டலங்கள் நடந்து செல்லும் பாதையிலேயே நிற்கும் இயக்கி நிரல் ஒன்று. அதற்கு மேலே இருந்துகொண்டு, யாரை விடலாம் யாரைத் தடுக்கலாம் என்ற விதிகளை அதனிடம் ஒப்படைக்கும் சேவை நிரல் மற்றொன்று. முன்னதைக் கதவு என்றும் பின்னதைக் காவலன் என்றும் கொள்வோம்.

எக்ஸ்பியின் முதற் பதிப்பில், கதவு சீக்கிரமே நிறுத்தப்பட்டது. ஆனால் காவலன் வந்து விதிகளைத் தரும் வரை அது திறந்தே கிடந்தது. பொட்டலம் எதுவாயினும் உள்ளே போகலாம். காவலனோ உடனே வரக்கூடியவன் அல்லன். அவன் எழுவதற்கு முன்பு வேறு சில சேவை நிரல்கள் எழுந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. அவற்றுள் ஒன்று வலைப்பின்னல் தொடர்புகளைக் கவனிக்கும் சேவை. அச்சேவை எழுவதற்கு முன்பு எழ வேண்டியது, தொலைவிலுள்ள நிரல்களை அழைத்து வேலை வாங்கும் ஆர்பிசி என்னும் சேவை. இந்த வரிசையை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்: முதலில் ஆர்பிசி, பிறகு தொடர்புச் சேவை, அதற்கும் பிறகே தீச்சுவர்க் காவலன்.

சில வினாடிகளில் என்ன நேர்ந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். 2003-ஆம் ஆண்டு அதற்கு விடை கூறியது. அவ்வாண்டு ஜனவரி 25-ஆம் நாள் ஸ்லாமர் என்ற புழு பரவியது. அதன் மொத்த உடல் 376 பைட்டுகள்; அதாவது இந்தப் பத்தியின் எழுத்துகள் கொள்ளும் இடத்தைவிடச் சிறியது; ஒரே பொட்டலத்தில் அடங்கிவிடும். தொடக்க வேளையில் தாக்குண்ட இயந்திரங்களின் தொகை 8.5 வினாடிக்கு ஒரு முறை இரட்டித்தது என்றும், தாக்கத்தக்க இயந்திரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு 10 நிமிடங்களுக்குள் அதன் வயப்பட்டன என்றும் பின்னர் ஆராய்ந்தோர் கணக்கிட்டனர். அது தரவுத்தள நிரல்களையே தாக்கிற்று. வீட்டு இயந்திரங்களை நாடவில்லை. ஆனால் ஒரு செய்தியை அது தெளிவாக்கியது: புழுவின் உலகில், கணிப்பொறி தொடங்கி முடியும் நேரம் மிக நீண்ட நேரம்.

அடுத்து வந்தது பிளாஸ்டர். போலந்து நாட்டு ஆராய்ச்சிக் குழு ஒன்று விண்டோஸில் ஒரு பழுதைக் கண்டுபிடித்தது. அதனை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2003 ஜூலை 16-ஆம் நாள் வெளியிட்டது. 26 நாட்கள் கழித்து, ஆகஸ்டு 11-ஆம் நாள், அந்தப் பழுதின் வழியே புழு புகுந்தது. புகுந்த வாயில் 135 என்ற எண்ணுடையது. அந்த வாயிலில் காத்திருந்த நிரல் யாதெனில், மேலே கூறிய அதே ஆர்பிசி.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பழுதுற்ற நிரல் எழுந்த பிறகே அதனைக் காக்க வேண்டிய காவலன் எழ முடியும். திருடன் குறிவைத்திருக்கும் சன்னலை வீட்டார் முதலில் திறந்து வைத்து, அதன் வழியே பார்த்துக் கூப்பிட்டால்தான் காவற்காரன் வருவான் என்பது போன்ற ஏற்பாடு இது. எவரும் தீய எண்ணத்தோடு இதனை அமைக்கவில்லை. தீச்சுவரையும் மற்றச் சேவைகளைப் போல ஒரு சேவையாகவே பொறியாளர்கள் கருதினர். ஆதலின் மற்றவை நிற்கும் வரிசையிலேயே அதனையும் நிறுத்தினர். தவறு அந்தக் கருத்தில்தான் இருந்தது என்பது நம் எண்ணம்.

பிளாஸ்டரின் இன்னொரு செய்கை நிலைமையை மோசமாக்கியது. அது தாக்கும்போது ஆர்பிசி சேவை பல இயந்திரங்களில் நின்றுபோயிற்று. அச்சேவை இன்றி விண்டோஸ் நிலைக்காதாகையால், 60 வினாடிகளில் இயந்திரம் மூடப்படும் என்ற அறிவிப்புத் திரையில் தோன்றி, எண்கள் ஒவ்வொன்றாகக் குறையும். பின்பு கணிப்பொறி தானே மீண்டும் தொடங்கும். திருத்தத்தை இறக்கிக்கொள்ள முற்பட்டவர்கள் பாதி வழியில் இயந்திரத்தை இழந்தனர். தீச்சுவரின் கட்டத்தில் குறியிடுக என்ற அறிவுரை எங்கும் கூறப்பட்டது, நல்ல அறிவுரையே. ஆனால் ஒவ்வொரு மறுதொடக்கமும் அந்த இயந்திரத்தை, காவலன் வராத அதே வினாடிகளுக்கு மீண்டும் அழைத்துச் சென்றது. அமெரிக்காவின் மேரிலண்டு மாநிலத்தில் மோட்டார் வாகனத் துறை தன் அலுவலகங்களையே ஒரு நாள் மூட நேர்ந்தது. அதே மாதம் 18-ஆம் நாள், பிளாஸ்டரை அழித்துத் திருத்தத்தையும் தானே பொருத்தும் நோக்கத்துடன் வெல்ச்சியா என்ற வேறொரு புழுவை யாரோ விடுத்தனர். உதவிக்கு வந்த அந்தப் புழுவின் நெரிசலால் பல வலைப்பின்னல்கள் மூச்சுத் திணறின.

நம் நாட்டு நிலைமையையும் இங்கு நினைவுகூரலாம். மின்சாரம் அடிக்கடி நின்று மீளும் ஊர்களில், மின்கலத் துணையற்ற ஓர் அலுவலகக் கணிப்பொறி நாளுக்கு ஒரு முறை மட்டும் தொடங்குவதில்லை. மூன்று நான்கு முறையும் தொடங்கும். அதிலும், மின்சாரம் வந்தவுடன் ஓர் அறையின் எல்லா இயந்திரங்களும் ஏறத்தாழ ஒரே வேளையில் எழுகின்றன. ஒன்றில் புழு இருந்தால், எஞ்சியவை அனைத்தும் காவலற்ற நிலையில் அதன் எதிரே வரிசையாக நிற்கும். அலுவலகத்தின் வெளி வாயிலில் எத்துணை வலிய சுவர் இருந்தாலும் இதனைத் தடுக்க இயலாது. ஏனெனில் தீ உள் அறையிலேயே இருக்கிறது. கணிப்பொறி அவசர நிகழ்வுகளைக் கவனிப்பதற்கென இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2004 ஜனவரியில் பணி தொடங்கியது இந்தப் புழுக்களின் காலத்திலேதான்.

2003 அக்டோபரில், இனித் தீச்சுவர் எல்லா இயந்திரங்களிலும் தொடக்கத்திலிருந்தே செயற்படும் என்று மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் அறிவித்தனர். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 2004 ஏப்ரல் இறுதியில், சாசர் என்ற புழு 445-ஆம் எண் வாயில் வழியே புகுந்தது. அதற்குரிய திருத்தம் வெளிவந்து 17 நாட்களே ஆகியிருந்தன. பிரிட்டனில் கடலோரக் காவல் நிலையங்கள் கணிப்பொறி வரைபடங்களை விட்டுக் காகித வரைபடங்களுக்குத் திரும்பின. அந்த ஆண்டில் சான்ஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தார் வேறொரு கணக்கை வெளியிட்டனர். திருத்தம் செய்யப்படாத ஒரு விண்டோஸ் இயந்திரத்தை நேரே இணையத்தில் இணைத்தால், சராசரியாகச் சுமார் 20 நிமிடங்களில் அது தாக்குண்டுவிடும் என்பது அது. முந்திய ஆண்டில் அது 40 நிமிடங்களாக இருந்தது. திருத்தங்களை இறக்குவதற்கே 20 நிமிடங்களுக்கு மேல் ஆகுமென்றால், புதிதாக வாங்கிய இயந்திரத்தை நோயுறாமல் திருத்துவது எங்ஙனம்?

2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு வெளிவந்தது. தீச்சுவர் வாங்கும்போதே எழுந்து நின்றது. ஆர்பிசி சேவையும், தன் பெயரைக் கூறாத வெளியாருக்கு இனி மறுமொழி தராதவாறு இறுக்கப்பட்டது. இவையே அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டன. அவற்றோடு சேர்ந்து வந்த மற்றொரு மாற்றம் ஆவணத்தில் சில பத்திகளில் அடங்கிவிட்டது. நமது பார்வையில் அதுவே அடிப்படையானது. விதிகள் வரும்வரை கதவு திறந்து கிடக்கும் வழக்கம் ஒழிந்தது. இயக்கி நிரலின் உள்ளேயே மாறாத விதி ஒன்று பொறிக்கப்பட்டது. தொடக்கக் கால விதி என்று அதற்குப் பெயர். வலைப்பின்னல் எழும்போதே கதவு மூடியிருக்கும். கேட்டதற்கு வரும் மறுமொழி மட்டும் நுழையும். காவலன் எழுந்து தன் விதிகளை முழுவதும் ஒப்படைத்த பின்னரே அந்தத் தொடக்க விதி விலகும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இல்லை.

கதவை முற்றிலும் அடைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அங்குதான் இந்த வேலையின் நுட்பம் உள்ளது. தொடங்கும் இயந்திரத்துக்குப் பெரும்பாலும் தன் முகவரியே தெரியாது. ‘எனக்கு ஒரு முகவரி தருக’ என்று வலைப்பின்னலில் அது குரல் கொடுக்க வேண்டும். யாரேனும் கொடுக்கும் விடையை நம்பி ஏற்க வேண்டும். பின்னர்ப் பெயர்களை எண்களாக மாற்றித் தரும் சேவையை வினவ வேண்டும். பெரிய அலுவலகங்களில் இன்னும் ஒரு சிக்கல். தீச்சுவரின் விதிகளே நடுவில் உள்ள தலைமை இயந்திரத்திலிருந்துதான் வருகின்றன. கதவை அடைத்துவிட்டால், கதவைப் பற்றிய உத்தரவே உள்ளே வர வழியில்லை. ஆகவே முகவரி கேட்டல், பெயர் வினவல், தலைமை இயந்திரத்தோடு பேசுதல் ஆகியவற்றுக்குரிய சிறு வழிகள் தொடக்க விதியில் விடப்பட்டன. வேறு எதற்கும் இடமில்லை. உரியவரே விரும்பினாலும் அந்த விதியை மாற்றவும் முடியாது. இந்தக் கண்டிப்பைச் சிலர் குறை கூறினர். அவரவர் விருப்பப்படி திருத்தத்தக்க விதியாயின், அதனைப் படிப்பதற்கு வேறு நிரல்கள் முதலில் எழ வேண்டும். பழைய வரிசைச் சிக்கல் மீண்டும் வந்துவிடும். மாறாமையே அதன் பலம். ஒரு குறையை மட்டும் நாமும் ஒப்புக்கொள்வோம். காவற் சேவையை உரியவர் முற்றிலும் நிறுத்தி வைத்திருந்தால் தொடக்கக் காவலும் இல்லை. வேறு வேலைக்காகத் தீச்சுவரை ஒரு நாள் நிறுத்தி, மீண்டும் எழுப்ப மறந்தவர்கள் இரண்டையும் இழந்தனர்.

2005-இல் விண்டோஸ் சர்வர் 2003-க்கு வந்த முதல் சேவைத் தொகுப்பு, மேலே கூறிய 20 நிமிடக் கேள்விக்கும் விடை கண்டது. அத்தொகுப்போடு சேர்த்துப் புதிதாக நிறுவப்பட்ட இயந்திரம், முதன்முதல் எழும்போது, கேளாமல் வரும் தொடர்பு ஒன்றையும் ஏற்காது. உரியவர் திருத்தங்களை இறக்கிப் பொருத்தி, ‘முடிந்தது’ என்று கூறிய பிறகே வாயில் திறக்கும்.

இது மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு மட்டும் உரிய இடர் என்று கருதலாகாது. யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்கள் இதனை முன்பே கண்டு, தத்தம் வழியில் தீர்த்துவந்தன. ரெட் ஹாட் லினக்ஸில் தொடக்கப் பணிகளுக்கு எண்கள் இருந்தன. தீச்சுவர் விதிகளை ஏற்றும் பணிக்கு 08. வலைப்பின்னலை எழுப்பும் பணிக்கு 10. எட்டு பத்துக்கு முன்னால் வரும்; அவ்வளவே தீர்வு! ஃப்ரீபிஎஸ்டி தளத்தின் தீச்சுவரில் கடைசி விதியின் எண் 65535. தளத்தை ஆக்கும்போது வேறாகக் கேட்டுக்கொண்டாலன்றி, எல்லாவற்றையும் தடு என்பதே அவ்விதி. மேலே வேறு விதிகள் ஏற்றப்படும் வரை ஒரு பொட்டலமும் நடமாடாது. இது மிகவும் பாதுகாப்பானது. ஆனால் தொலைவில் இருந்தபடி விதிகளைத் திருத்துபவர், ஓர் எழுத்துப் பிழையால் தம்மையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஓபன்பிஎஸ்டி தளத்தார் நடுவழி ஒன்றைக் கண்டனர். அவர்களது தொடக்க நிரல், வலைப்பின்னல் எழுமுன், தற்காலிக விதிகள் சிலவற்றை ஏற்றுகிறது. அனைத்தும் தடை, ஆனால் பொறுப்பாளர் தொலைவிலிருந்து மறைமொழியில் நுழையும் எஸ்எஸ்எச் வாயில் மட்டும் திறப்பு. பின்னர் ஏற்றப்படும் முழு விதிகளில் பிழை இருந்து அவை ஏறாமற் போனாலும், பொறுப்பாளர் உள்ளே வந்து சரிசெய்யலாம். வேறு நாட்டில், பூட்டிய அறையில் நிற்கும் இயந்திரத்துக்கு அது பேருதவி. எந்த வழி உயர்ந்தது என்று எம்மைக் கேட்டால், மேசைமேல் உள்ள கணிப்பொறிக்கு மைக்ரோசாப்ட் வழியும், எட்டாத தொலைவில் உள்ளதற்கு ஓபன்பிஎஸ்டி வழியும் ஏற்றவை என்போம்.

தீர்ந்த சிக்கல் தீர்ந்தபடியே இருப்பதில்லை. லினக்ஸ் தளத்தை விரைவாகத் தொடங்கச் செய்யும் பொருட்டு 2010-இல் சிஸ்டம்டி என்னும் புதிய ஏற்பாடு வந்தது. அது பணிகளை எண் வரிசையில் நடத்துவதில்லை. இயன்றவற்றையெல்லாம் ஒரே வேளையில் நடத்துகிறது. தொடக்க நேரம் குறைந்தது. ஆனால் எட்டு பத்துக்கு முன் என்ற பழைய உறுதி அகன்றது. தீச்சுவரும் வலைப்பின்னலும் ஒரே வேளையில் ஓடத் தொடங்கினால் எது முந்தும் என்று யார் கூறுவது? ஆகவே ‘வலைப்பின்னலுக்கு முன்’ என்று பொருள்படும் ஒரு தனி மைல்கல்லை அந்த ஏற்பாட்டினுள் பின்னர் நட்டனர். தீச்சுவர் அந்தக் கல்லைக் கடந்த பிறகே வலைப்பின்னல் புறப்படலாம். விண்டோஸிலும் 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா முதல், பொட்டலங்களை வடிகட்டும் அமைப்பு முழுவதும் புதிதாகக் கட்டப்பட்டது. அதில் தொடக்க வடிகட்டிகள் என்று ஒரு தனி வகையே உண்டு. வலைப்பின்னல் இயக்கி ஏறும் கணத்தில் அவை செயற்படுகின்றன. வடிகட்டும் சேவை எழுந்ததும் தம் பொறுப்பை ஒப்படைத்து விலகுகின்றன. பிற நிறுவனத்தார் ஆக்கும் தீச்சுவர்களும் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த பொது ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் நாளுடன் முடிவுற்றது.

இயங்குதளம் எழும் வேளைக்குக் காவல் கிடைத்தது. ஆனால் இயங்குதளத்துக்கும் முன்னர் எழுவது ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தியவுடன் முதலில் ஓடுவது, தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டிருக்கும் அடிநிரல். பெரிய தரவு நிலையங்களில் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் தம் இயங்குதளத்தை வட்டிலிருந்து எடுப்பதில்லை. இந்த அடிநிரலே வலைப்பின்னல் வழியே வேறோர் இயந்திரத்திடம் கேட்டுப் பெறுகிறது. அவ்வேளையில் தீச்சுவர் உறங்கிக்கொண்டிருக்கிறது என்று கூடக் கூற முடியாது. அது இன்னும் வந்தே சேரவில்லை. பெறப்படும் இயங்குதளம் உண்மையானதா என்று கையொப்பம் பார்த்துச் சோதிக்கும் முறை பின்னர் வந்தது. ஆயினும் கையொப்பம் பார்க்கும் கட்டத்துக்கு முன்னரே, வலைப்பின்னலில் வரும் பொட்டலங்களை அடிநிரல் பிரித்துப் படித்தாக வேண்டும்.

2024 ஜனவரியில், பிரான்ஸ் நாட்டு குவார்க்ஸ்லாப் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், பல உற்பத்தியாளர்கள் அடிப்படையாகக் கொண்டு பயன்படுத்தும் ஈடிகே 2 என்ற பொது அடிநிரலில் ஒன்பது பழுதுகளை வெளியிட்டனர். பிக்ஸிஃபெயில் என்று அவற்றுக்குப் பெயரிட்டனர். அதே உள் வலைப்பின்னலில் இருக்கும் பகைவன் ஒருவன், இயங்குதளம் பிறக்கும் முன்பே அவற்றின் வழியே இயந்திரத்துள் புக வாய்ப்பிருந்தது. அவற்றுள் சில, ‘எனக்கு ஒரு முகவரி தருக’ என்று இயந்திரம் கொடுக்கும் குரலுக்கு வரும் மறுமொழியைப் படிக்கும் இடத்திலேயே இருந்தன. 2004-ஆம் ஆண்டின் தொடக்க விதியும் அடைக்க முடியாமல் விட்டு வைத்த அதே சிறு வழி.